சோடி சோடியாய்ச் சாகும் சாது மீன்கள்

கொழும்பில் வளர்ப்பு மீன் வாங்கப் போகிற எவர் காதிலும் ஒரே அறிவுரைதான் விழுகிறது. "இதெல்லாம் சாது மீன் அண்ணே, ஒண்ணோட ஒண்ணு சண்டை பிடிக்காது. எல்லாத்திலயும் ஒவ்வொரு சோடி எடுங்க, டேங்க் வடிவா இருக்கும்." வெள்ளவத்தையிலும் இதுதான், கொட்டாஞ்சேனையிலும் இதுதான், களனிப் பாலத்தைத் தாண்டிப் பேலியகொடைக்கு வந்தாலும் இதுதான். கடைக்காரர் சொல்கிறார் என்று அவரை மட்டும் குறை கூற முடியாது. ஏற்கெனவே மீன் வளர்க்கும் மாமாவும் மச்சானும் அயல்வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். கேட்டவர் இரண்டு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், இரண்டு கறுப்பு டெட்ரா, இரண்டு மோலி, பாசி தின்ன ஒரு 'டேங்க் கிளீனர்' என்று பொலித்தீன் பைகளை அடுக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறுகிறார்.

இந்த அறிவுரை அடியோடு பிழையானது. சிறிய தொட்டி ஒன்றுக்கு மீன் தெரிவு செய்வதில் எதைக் கடைசியாகப் பார்க்க வேண்டுமோ அதை முதலில் பார்க்கச் சொல்கிறது. எதை முதலில் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கவே விடுவதில்லை. வீட்டுத் தொட்டிகளில் சாகும் மீன்களில் கடிபட்டுச் சாவது கொஞ்சம். மிச்சமெல்லாம் தண்ணீர் ஒத்துவராமல், வெக்கை தாங்காமல், கூட்டம் இல்லாமல், இடம் போதாமல் சாகின்றன. இந்த நான்கையும் விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் பார்த்துச் சேர்க்கை பார்ப்பது, ஊர், தொழில், வயது எதையும் விசாரிக்காமல் "பெடியன் நல்ல அமைதியானவன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பெண் கொடுப்பதைப் போன்றது.

சோடிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் தீங்கின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மீனைச் சோடியாக விற்கும் வழக்கம் எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது. சோடியாக வாழும் சில மீன்கள் உண்டு. முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் ஏஞ்சல் அப்படி. குஞ்சு பொரிக்கும் ஆசையில் வாங்குவோருக்குச் சோடி தேவை. விலை சொல்லவும் அது வசதி. ஆனால் சிறிய தொட்டிக்கென்று விற்கப்படும் மீன்களில் பெரும்பாலானவை சோடியாக வாழ்பவை அல்ல. டெட்ராக்கள், பார்ப் வகைகள், ரஸ்போராக்கள், அடித்தளத்தில் மேயும் கோரிடோரஸ் எல்லாம் கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வளர்பவை. ஆற்றில் ஒரு டெட்ராவுக்குக் கூட்டம் என்பது காவல். கொக்கு எங்கிருந்து வரும், பெரிய மீன் எங்கே பதுங்கியிருக்கும் என்று பார்க்கப் பல கண்கள் இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் அது இரை தேடுகிறது. அப்படிப்பட்டதை இரண்டே இரண்டாகப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் விட்டால் அதற்கு நாள் முழுவதும் அச்சம். மூலையில் ஒதுங்கும், நிறம் வெளிறும், தீனி போட்டால் கடைசியாக வரும். பார்ப்பவர் "எவ்வளவு அமைதியான மீன்" என்கிறார். அது பயந்து கிடக்கிறது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுத் தொட்டிகளில் வழக்கமாக வளரும் நியோன் டெட்ரா, டைகர் பார்ப், ஏஞ்சல், வெள்ளைமேக மலைமீன் ஆகிய நான்கு இனங்களை ஒன்றாக, இரண்டாக, ஐந்தாக, பத்தாக வைத்துக் கவனித்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. எண்ணிக்கை கூடியபோது மீன்கள் சேர்ந்து நீந்துவது கூடியது. சிறிய இனங்களில் சச்சரவு குறைந்தது. நம் கடைகளின் 'சோடி' அந்த ஆய்வில் நல்ல பெயர் வாங்கவில்லை.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்காவது சோடி சரிதானே என்று கேட்பார்கள். அவற்றுக்குத்தான் அது மிகக் கொடுமையானது. ஆண் கப்பி விழித்திருக்கும் நேரமெல்லாம் பெண்ணைத் துரத்தும். ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்று இரண்டு அடித் தொட்டியில் விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வே கிடையாது. ஏறக்குறைய மாதம் ஒரு தடவை குட்டி போட்டுக்கொண்டு, ஒளிய இடமும் இல்லாமல், அது சீக்கிரமே செத்துப்போகிறது. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்று விட வேண்டும். அல்லது ஆண்களை மட்டும் விடலாம். ஒரு தடவை கருவுற்ற பெண், ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் அடுத்தடுத்துக் குட்டி போடக்கூடியது. ஆகவே பெருக்கத்துக்குக்கூடச் சோடி தேவையில்லை. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் முதலிடம் கப்பிக்குத்தான். உலகத்துக்கே கப்பி அனுப்பும் நாட்டில் உள்ளூர்க்காரருக்கு அதை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி அந்தச் 'சாது' என்ற பட்டத்துக்கு வருவோம். மீனின் குணம் அதன் செதிலில் எழுதி ஒட்டியதல்ல. எத்தனை பேருடன் இருக்கிறது, எவ்வளவு இடம் இருக்கிறது, முட்டையிடும் பருவமா என்பதைப் பொறுத்து அது மாறும். கறுப்பு டெட்ரா எட்டுப் பத்தாக இருந்தால் தமக்குள் முட்டிமோதி விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டாக விட்டால் அடுத்ததன் செட்டையைக் கடிக்கும். டைகர் பார்ப்பும் அப்படித்தான். அதற்குக் கடைக்காரர் 'சண்டை மீன்' என்று பெயர் சூட்டியிருக்கிறார். அந்தச் சண்டையில் பாதி, அதை இரண்டு மூன்றாக விற்றவர் செய்த வேலை. மறுபக்கம் ஏஞ்சல் 'சாது'. நாணயம் அளவில் வாங்கும்போது சாதுதான். அது உடல் மட்டும் 15 சென்ரிமீற்றர் வரை வளரும். வாய்க்குள் அடங்கும் நியோனை ஒரு இரவில் விழுங்கிவிடும். அதில் பகையும் இல்லை, குணக்கேடும் இல்லை. அமேசன் நீரில் சிறு டெட்ராக்கள் அதன் இரை. அதே ஏஞ்சல் சோடி சேர்ந்து முட்டையிட்டால் தொட்டியின் பாதியைத் தனதாக்கிக்கொள்ளும். மற்றவையெல்லாம் எதிர்மூலையில் நெருங்கி நிற்கும். ஒரே மீனுக்கு மூன்று முகங்கள். இதில் எதை வைத்துப் 'பொருந்தும், பொருந்தாது' என்று அட்டவணை போடுவது?

பல இனம் கலந்தால் கோபம் பிரிந்துபோகும் என்றொரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்களை வேண்டுமென்றே நெருக்கமாக வைப்பார்கள். ஒன்றையே குறிவைத்து அடிக்க முடியாமல் அடி பரவிவிடும். ஆனால் அது நூற்றுக்கணக்கான லீற்றர் தொட்டியில், பெரிய வடிகட்டியுடன், ஒரே ஏரித் தண்ணீரைச் சேர்ந்த மீன்களுக்குச் செய்வது. நம் வீட்டு வரவேற்பறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டி இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 56 லீற்றர். மணலும் கல்லும் போட்டு மேலே இடைவெளியும் விட்டால் 45 லீற்றர் மிஞ்சும். அதில் பரப்பிவிட இடமில்லை.

தண்ணீர்தான் முதல் கேள்வி. அச்சடித்த எந்தப் பொருத்த அட்டவணையும் நம் தண்ணீரைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. கொழும்புக்கும் பேலியகொடைக்கும் குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கை. சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து, பழைய கெட்டிப் பாறைகளின் மேலாக ஓடி, அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டு வரும் மென்தண்ணீர். கல்சியம் குறைவு, காரத்தன்மை குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் அதற்கு நேரெதிர். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிக் கிடந்து எழும் வன்தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர். மோலிக்கு வன்தண்ணீர் வேண்டும். கொஞ்சம் உப்புக் கலந்தாலும் அதற்குச் சுகம். யாழ்ப்பாணத்தில் சீமெந்துத் தொட்டியில் கவனிப்பில்லாமலே பெருகும் மோலி, பேலியகொடையில் செட்டையைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். நோய் என்று நினைத்து நீல மருந்தும் மஞ்சள் மருந்தும் ஊற்றுகிறார்கள். அதற்குத் தேவைப்பட்டது வேறு தண்ணீர். இந்தத் தீவின் இரண்டு முனையிலேயே பொருத்தம் தலைகீழாக மாறுகிறது. மோலியையும் மென்தண்ணீர் டெட்ராவையும் 'இரண்டும் சாது' என்று ஒரு தொட்டியில் விட்டால், எந்த ஊரானாலும் இரண்டில் ஒன்று துன்பப்படும். சண்டை ஏதும் நடக்காது. மெல்ல மெல்லச் சாகும்.

வெப்பம் அடுத்தது. மீன் வளர்ப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டவர்களால் எழுதப்பட்டவை. அவர்களுடைய கவலை தண்ணீரை எப்படிச் சூடாக்குவது என்பது. நம் கவலை அதை எப்படிக் குளிர வைப்பது. சீற் போட்ட வீட்டில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொட்டுவிடும். தங்கமீனைப் பாருங்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே சீனத்தில் குளத்து மீனிலிருந்து பழக்கி எடுக்கப்பட்டது; மிதமான குளிர்தான் அதற்குச் சுகம். நம் கடைகளில் முதலில் கண்ணில் படுவது அதுதான். குழந்தைக்கு முதல் மீனாக வாங்கிக் கொடுப்பதும் அதுதான். ஆளோடு ஆள் சண்டை பிடிக்காத மீன் என்பதால் எந்தப் பொதுத் தொட்டியிலும் சேர்த்துவிடுகிறார்கள். 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனின் உடல் அதிக ஒட்சிசன் கேட்கும். தண்ணீரோ குறைவாகக் கொடுக்கும். அதற்கு மேல் தங்கமீன் பெருந்தீனிக்காரன், கழிவும் பெரிது. நல்ல குளத்தில் ஒரு சாண் நீளத்தைத் தாண்டி வளரும். பத்து வருடத்துக்கு மேல் வாழும். 45 லீற்றரில் இரண்டு தங்கமீனை விட்டு அவற்றோடு டெட்ராவையும் சேர்ப்பது, எல்லாருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் மூச்சை அடைப்பது. தங்கமீன் வேண்டுமென்றால் தங்கமீனுக்கென்று பெரிய தொட்டியோ முற்றத்தில் நிழலான சீமெந்துத் தொட்டியோ வையுங்கள். சிறிய பொதுத் தொட்டிக்குள் அதற்கு இடமே இல்லை என்பது என் முடிவு. அதில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

நியோன் டெட்ராவும் நம் வெக்கைக்கு ஏற்றதல்ல. அதைவிடக் கார்டினல் டெட்ரா சூட்டைத் தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அட்டவணையில் இரண்டும் 'சாது' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

பேலியகொடைக்காரருக்கு மீனைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாட்டின் மத்திய மீன் சந்தை இங்கேதான் இருக்கிறது. விடியுமுன்னே லொறி லொறியாக இறங்கும் கடல்மீனைப் பார்த்து வளர்ந்தவர்கள், செவுளைத் தூக்கிப் பார்த்தவுடன் எத்தனை நாள் மீன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணை உயிருள்ள மீனின் பக்கமும் திருப்பச் சொல்கிறேன். தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகிறதா, செவுள் மூடி வேகமாக அடிக்கிறதா, ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தொட்டியில் சோடி சோடியாக விட்ட மீன்கள் முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அமோனியா. மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை ஒரே நாளில் விட்டால் செவுள் எரிகிறது. தண்ணீர் 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடானால், அமோனியாவின் நச்சான பங்கு ஏறக்குறைய இரு மடங்காகும். தண்ணீரின் காரத்தன்மை ஒரு படி ஏறினால் பத்து மடங்காகும். வெப்ப நாட்டில் இருக்கும் நாம்தான் இதற்கு மற்றவர்களைவிடப் பயப்பட வேண்டும். மூச்சுத் திணறி மிதக்கும் மீனின் வாலை மற்றது கொத்துவதைப் பார்த்துவிட்டு "கடித்துக் கொன்றுவிட்டது" என்று தீர்ப்பெழுதுகிறார்கள். கொத்தியது கடைசியில் நடந்தது. கொன்றது தண்ணீர்.

அளவைப் பற்றிச் சொல்லும் இரண்டு பொய்களையும் இங்கேயே தள்ளிவிடுகிறேன். ஒன்று, 'தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்' என்பது. வளர்ச்சி தடைப்படுவது உண்மை. அசுத்தத் தண்ணீரிலும் நெருக்கத்திலும் எந்த உயிரும் குறுகும். அதை மீனின் பணிவு என்று கொண்டாடுவது தவறு. மற்றது, 'ஒரு கலனுக்கு ஓர் அங்குல மீன்' என்ற பழைய ஆங்கிலக் கணக்கு. ஒரே வடிவமுள்ள இரண்டு மீன்களில் நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். பத்து அங்குல மீன் ஒன்றும் ஓர் அங்குல மீன் பத்தும் தண்ணீருக்கு ஒன்றல்ல. ஆயிரத்துக்குப் பத்து என்ற கணக்கு அது. வாங்கும் அன்றைய அளவைப் பார்க்காதீர்கள். முதிர்ந்த அளவைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த மீனை வாங்காதீர்கள்.

முதிர்ந்த அளவு என்றதும் 'டேங்க் கிளீனர்' நினைவுக்கு வர வேண்டும். விரல் நீளத்தில் வாங்கும் இந்தத் தென்னமெரிக்க மீன் 40 சென்ரிமீற்றர் வரை போகும். பாசியைத் தின்னும், ஆனால் தின்பதைவிட அதிகமாக அழுக்குப் போடும். தொட்டியை எந்த மீனும் சுத்தம் செய்யாது. வாரம் ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும் கைதான் சுத்தம் செய்யும். தொட்டிக்குள் அடங்காமல் போனதும் அதற்கு என்ன நடக்கிறது? கொல்ல மனம் வராது. வீட்டுக்கு அருகே ஹமில்டன் கால்வாய் இருக்கிறது, களனி கங்கை இருக்கிறது, முத்துராஜவெல சதுப்பு இருக்கிறது. 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது பிழைக்கிறது, கரையைத் துளைத்துக் குழி பறித்து அங்கே பெருகுகிறது. இன்று இலங்கையின் பல நீர்நிலைகளில் இந்தக் கவச மீன் நிலைத்துவிட்டது. மேகொங் ஆற்றுப் பக்கத்திலிருந்து அலங்கார மீனாக வந்த கத்தி மீனும் அப்படித்தான். ஒரு மீற்றர் வரை வளர்ந்து மற்ற மீனை விழுங்கும் அது, கொழும்பைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வேரூன்றிப் பல வருடங்களாகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, தாழ்வான இடங்களில் தொட்டிகளும் தண்ணீரோடு தண்ணீராகத்தான் போயின. ஆற்றங்கரையில் இருக்கும் நாங்கள் தொட்டியில் எதை விடுகிறோமோ அதை ஒரு நாள் ஆற்றிலும் விடுகிறோம் என்று எண்ணித்தான் தெரிவு செய்ய வேண்டும். பொருத்தம் என்ற கேள்வி கண்ணாடியோடு முடிவதில்லை.

என் வாதத்துக்கு வழக்கமாக வரும் பதில், "எங்கள் வீட்டில் தங்கமீனும் ஏஞ்சலும் ஒன்றாக இருக்கின்றனவே" என்பது. எவ்வளவு காலமாக என்று நான் திருப்பிக் கேட்பேன். நன்றாக வைத்த ஏஞ்சல் பத்து வருடம்வரை இருக்கும். சின்னஞ்சிறு பார்ப்கூட நான்கைந்து வருடம் இருக்கும். எட்டாம் மாதத்தில் செத்துப் புதிதாக வாங்கிப் போட்டதை 'ஒன்றாக இருக்கின்றன' என்று சொல்ல முடியாது. இருப்பது தொட்டி மட்டும், மீன் மாறிக்கொண்டேயிருக்கிறது. சேர்க்கை சரியா என்பதற்கு ஒரே சாட்சி ஆயுள். அடித்துக்கொள்ளவில்லை என்பது சாட்சியே அல்ல. சோர்ந்து கிடப்பவை அடித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது பதில் இன்னும் மோசம்: மீன் மலிவு, செத்தால் இன்னொன்று வாங்கலாம். இதற்கு நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. ஐந்து வருடம் வாழக்கூடிய உயிரை ஐந்து வாரத்தில் கொல்லும் ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டே திரும்பத் திரும்பச் செய்வது பாவம். வீட்டில் அதைப் பார்த்து வளரும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதை அந்தப் பெற்றோர் யோசிக்கட்டும்.

மூன்றாவது பதில்தான் மதித்து மறுமொழி சொல்லத் தக்கது. பிள்ளைகள் விதவிதமான நிறம் கேட்கிறார்கள். ஒரே மீனை எட்டுப் பத்து வைத்தால் சலித்துப் போகும் என்கிறார்கள். நிறம் வேண்டும் என்பதற்காகவே நான் கூட்டம் கேட்கிறேன். நம் நாட்டு மீன் ஒன்றையே பாருங்கள். சிங்களத்தில் 'லே தித்தயா', உலகச் சந்தையில் 'செரி பார்ப்'. 1929இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பி. இ. பி. தெரணியகல, பின்னாளில் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். களனி முதல் நில்வளை வரையான ஈரவலய ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வாழ்வது. ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளராது, மென்தண்ணீர் மீன், எவரையும் கடிக்காது. இதைச் சோடியாக வாங்கிப் போனவர் கண்டது மங்கிய பழுப்பு மீன் இரண்டு. அதே மீனை மூன்று ஆண், ஐந்து பெண் என்று செடி நிறைந்த தொட்டியில் விட்டால், ஆண்கள் ஒன்றை ஒன்று பார்த்துப் பார்த்து இரத்தச் சிவப்பாக எரியும். 'புலத் ஹபயா' என்ற கறுப்பு ரூபி பார்ப்பும் அப்படியே. போட்டிக்கு இன்னோர் ஆண் இருந்தால்தான் முன்பாதி செக்கச் சிவந்து பின்பாதி கரிக் கறுப்பாகும். வெற்றிலை போட்ட வாய் போல என்று அதற்குப் பெயர் வைத்த ஊரார் அதை ஓடையில், கூட்டத்தில் பார்த்தவர்கள். பல இனத்தைக் கலந்து நிறம் தேடுகிறவர், எந்த இனத்தின் உண்மையான நிறத்தையும் பார்க்காமலே போகிறார்.

சரி, 45 லீற்றரில் எதை விடுவது? நடுத்தண்ணீருக்கு ஓர் இனம், அடித்தளத்துக்கு ஓர் இனம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பேன். நடுவில் செரி பார்ப் எட்டு. தொட்டி கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் இருந்தால்தான். அவை நிழலோடை மீன்கள். மேல்மாடி வெக்கையில் வைத்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள். கறுப்பு ரூபிக்கு இன்னும் குளிர்ச்சி வேண்டும். கொழும்பைவிடக் கண்டி, பதுளைப் பக்கத்து வீடுகளுக்கு அது ஏற்றது. வீடு வெக்கையானது என்றால் 'ஹொரதண்டியா' கிடைக்குமா என்று தேடுங்கள். மேற்குக் கரையோரத் தாழ்நிலக் குட்டைகளில், செடிகளுக்கிடையே வாழும் மூன்று சென்ரிமீற்றர் மீன். 1943இல் தெரணியகலவே அதையும் பதிவு செய்தார். பத்துப் பன்னிரண்டாக விட்டால் தொட்டி முழுவதும் மினுமினுக்கும். கழிவு மிகக் குறைவு.

அடித்தளத்துக்கு அயிரை. ஆம், மதுரைப் பக்கத்தில் குழம்பு வைக்கும் அதே அயிரைதான். அதன் அறிவியல் பெயரிலேயே வெந்நீர் இருக்கிறது. 1846இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் அதை விவரித்தது நம் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் பிடிக்கப்பட்ட மீனை வைத்து. பேலியகொடை ஏப்ரல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நான்கு ஐந்தாக விடுங்கள். கல்லுக்குப் பதில் மென்மையான ஆற்று மணல் போடுங்கள், ஏனெனில் அது மணலுக்குள் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய விளையாட்டு. ஐந்தாறு வகை மீன் தராத சந்தோசத்தை இந்த ஒரு வகை தரும்.

உள்ளூர் மீன் என்றதும் வலையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடாதீர்கள். ஈரவலயக் காடுகள் குறுகிக் குறுகி இந்த மீன்கள் ஏற்கெனவே ஒடுங்கிப் போயிருக்கின்றன. பண்ணையில் பெருக்கியதை மட்டும் வாங்குங்கள். செரி பார்ப் உலகெங்கும் பண்ணைகளில் பெருகும் மீன், கேட்டால் கிடைக்கும். உள்ளூர் மீனே வேண்டாம், கப்பிதான் பிடிக்கும் என்பவர் ஆண் கப்பி எட்டை மட்டும் விடட்டும். டெட்ராதான் வேண்டும் என்பவர் கார்டினல் பத்தை விடட்டும். எந்த இனம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒரே தண்ணீருக்கு உரியவை, இந்த வெக்கையைத் தாங்குபவை, முதிர்ந்தாலும் அந்தத் தொட்டிக்குள் அடங்குபவை, கூட்டமாக இருக்க இடமுள்ளவை என்பதில்தான் பிடிவாதம். இவ்வளவும் சரியானால் குணத்தைப் பற்றிக் கவலைப்படும் தேவை பெரும்பாலும் வராது.

தொட்டி வாங்கிய அன்றே மீனை வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது; ஒரு நாள் திறந்து வைத்தோ மருந்து போட்டோ அதை நீக்குங்கள். செடி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, முதலில் இரண்டு மூன்று அயிரையை மட்டும் விட்டுக் கொஞ்சமாகத் தீனி போட்டு, வாரம் ஒரு பகுதி தண்ணீர் மாற்றிக்கொண்டிருங்கள். மாதம் ஒன்று கழிந்தபின் நடுத்தண்ணீர்க் கூட்டத்தைக் கொண்டுவாருங்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேலியகொடையிலும் வளர்ப்பு மீன் விற்கும் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். கூட்ட மீன்களுக்குச் சோடி விலை எழுதுவதை நிறுத்திவிட்டு ஆறு மீனுக்கு ஒரு விலை எழுதுங்கள். ஒவ்வொரு தொட்டியின் மேலும் அந்த மீன் முதிர்ந்தால் எத்தனை அங்குலம் என்று ஒரு வரி ஒட்டுங்கள். உங்கள் வியாபாரம் குறையாது. ஆறு வாங்கியவர் அவை வாழ்வதைப் பார்த்துத் தீனிக்கும் செடிக்கும் வருடக்கணக்கில் உங்களிடமே வருவார். வாங்கப் போகிறவர்களே, அடுத்த தடவை கடையில் "எல்லாத்திலயும் ஒவ்வொரு சோடி" என்று சொன்னால், "வேண்டாம், ஒரே வகையில எட்டுத் தாங்க" என்று கேளுங்கள்.